முருங்கை விதை முதல் வெட்டிவேர் வரை: பட்டறைக் கழிவுநீரில் பார உலோகம் பிடிக்க முழுமையான வழிகாட்டி

கொழும்புச் செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளிலிருந்து கபோஸ் ஒழுங்கையின் ஆயுர்வேத மருந்துக் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். முதல் தெருவில், முலாம் பூசிய நகையைக் கழுவிய தண்ணீர் வாளியில் நீலப்பச்சையாக நிற்கும். இரண்டாவது தெருவில் வெட்டிவேர், வசம்பு, வேப்பம்பட்டை, தேற்றான் கொட்டை எல்லாம் சாக்குச் சாக்காக அடுக்கியிருக்கும். அந்த வாளியில் கரைந்திருக்கும் செம்பையும் நிக்கலையும் கட்மியத்தையும் இந்தச் சாக்குகளில் இருப்பதைக் கொண்டே பெருமளவு பிடித்தெடுக்க முடியும். எப்படி என்பதைச் சிறு பட்டறை நடத்துபவர்களுக்கும், உயர்தர இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். உலோகம் அழியாது. எண்ணெயையும் சாயத்தையும் நுண்ணுயிர்கள் தின்று சிதைத்துவிடும். ஈயம் எத்தனை ஆண்டு போனாலும் ஈயம்தான். செடி அதைத் தண்ணீரிலிருந்து தன்னிடம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே தண்ணீர் தெளிந்ததோடு வேலை முடிவதில்லை. உலோகம் ஏறிய தூளும் வேரும் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன என்பதில்தான் இந்த முறை நல்லதா கெட்டதா என்பதே இருக்கிறது. அதிலும் நாம் எடுப்பது மருந்துச் செடி. வடிகட்டியாக ஒருமுறை பயன்பட்ட வெட்டிவேர் மறுபடி யாருடைய தண்ணீர்ப் பானைக்குள்ளும் போகக் கூடாது.

தண்ணீர் எங்கே போகிறது

கொழும்பின் குழாய்நீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து வருகிறது. அம்பத்தலையில் நீரை எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். பியகம ஏற்றுமதி வலயம் உட்பட ஏராளமான தொழிற்சாலைகள் அதே ஆற்றின் கரையோரப் பகுதிகளில்தான் இருக்கின்றன. நகருக்குள் இருக்கும் சிறு பட்டறைகளின் கழிவு வேறு வழியில் போகிறது: கானுக்குள் விழுந்து, வாய்க்கால்களைச் சேர்ந்து, சில இடங்களில் சதுப்பு நிலங்களையும் எட்டுகிறது. அந்தச் சதுப்புகளுக்காகவே 2018இல் கொழும்பு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அதே ஈரநிலங்களின் ஓரங்களில்தான் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எல்லாம் பயிராகிச் சந்தைக்கு வருகின்றன. இவை உலோகத்தை நன்றாக உறிஞ்சும் செடிகள். கானில் விட்ட கட்மியம் சுண்டலாகி நம் வீட்டுத் தட்டுக்கே திரும்பி வர வழி இருக்கிறது என்பதை மனதில் வைத்துத்தான் நான் இந்த விஷயத்தைப் பார்க்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் கழிவுநீரை வெளியே விட முடியாது. 2008இல் வர்த்தமானியில் வெளியான தரநிலையின்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரின் ஒரு லீற்றரில் ஈயமும் கட்மியமும் தலா 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மொத்தக் குரோமியத்துக்கு எல்லை 0.5, அதில் அதிக நச்சுள்ள வடிவமான ஆறு வலுவளவுக் குரோமியத்துக்கு மட்டும் 0.1. நாகத்துக்கு (துத்தநாகம்) 2, செம்புக்கும் நிக்கலுக்கும் 3. பிஎச், அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 6.0க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும். குழாய்நீரைத் திறந்துவிட்டு ஐதாக்கி இந்த எண்ணுக்குக் கொண்டுவருவது சுத்திகரிப்பு ஆகாது. கானுக்குப் போகும் உலோகத்தின் எடை அப்படியேதான் இருக்கும்.

எந்தச் செடிக்கு என்ன வேலை

இதில் மூன்று விதமான வேலைகள் இருக்கின்றன. மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பாதி வழியில் கைவிடுகிறார்கள்.

முதலாவது, கலங்கலைத் திரட்டிக் கீழே படியவைப்பது. முருங்கை விதையும் தேற்றான் கொட்டையும் இதற்கு. முருங்கைப் பருப்பில் நேரேற்றம் கொண்ட சிறிய புரதங்கள் இருக்கின்றன. தண்ணீரில் மிதக்கும் எதிரேற்றத் துகள்களை அவை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். தேற்றான் கொட்டையில் பெருமளவில் பல்சக்கரைட்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. கலங்கிய கிணற்று நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையை உரைப்பது நம்மவர்களுக்குப் பழகிய முறைதான். வாங்கும்போது மட்டும் கவனம்: அதே குடும்பத்து எட்டிக்கொட்டை கொடிய நஞ்சு. தெரிந்த கடையில், தெரிந்தவர் கையால் வாங்குங்கள்.

இரண்டாவது, கரைந்திருக்கும் உலோக அயன்களைப் பரப்பில் பிடிப்பது. வேப்பிலைத் தூள், எண்ணெய் பிழிந்த முருங்கைப் புண்ணாக்கு, பட்டைகள், வேர்கள், குடித்து முடித்த தேயிலைச் சக்கை எல்லாம் இதற்கு உதவும். உயிரில்லாத, காய்ந்த தாவரப் பொருள்தான் இங்கே வேண்டும். அதன் செலுலோசு, லிக்னின், தனின் ஆகியவற்றில் உள்ள காபொட்சைல், ஐதரொட்சில் கூட்டங்கள் தங்களிடமிருந்த ஐதரசன், கல்சியம் அயன்களை விட்டுவிட்டு ஈயத்தையும் செம்பையும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, உயிருள்ள செடியை வளர்த்து மிஞ்சியதை எடுப்பது. வெட்டிவேரும் வசம்பும் இதற்கு ஏற்றவை. நாட்கணக்கில் மெதுவாக நடக்கிற வேலை இது, இடமும் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், இரண்டாவது வேலைக்கு என் முதல் தெரிவு கசாயச் சக்கை. மருந்து காய்ச்சும் இடங்களில் வடித்த பிறகு எறிகிற வேரும் பட்டையும் இலையும்தான். மணிக்கணக்கில் கொதித்ததால் கரையக்கூடியவை ஏற்கெனவே போயிருக்கும், மிஞ்சுவது நார். உலோகத்தைப் பிடிப்பதும் அந்த நார்தான். நோயாளிக்குப் போக வேண்டிய மருந்தை நாம் பறிக்கவும் இல்லை. ஆனால் இரசம் (பாதரசம்), பஸ்பம் போன்ற கனிமச் சரக்குகள் சேர்ந்த சக்கையைத் தொடாதீர்கள். கலவை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் ஒவ்வொரு தொகுதியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். இந்தத் தலையிடி வேண்டாம் என்றால் வேப்பிலையே போதும்.

படி 1: தண்ணீர்களைப் பிரித்து வையுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தங்க, வெள்ளி முலாம் தொட்டிகளில் சயனைட்டு இருப்பது வழக்கம். சயனைட்டுக் கலந்த தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் ஐதரசன் சயனைட்டு வாயு எழும்பும். மூடிய அறையில் சில நிமிடங்களிலேயே ஆளைக் கொன்றுவிடும். கீழே வருகிற படிகளில் பிஎச்சைக் குறைக்கச் சொல்கிறேன். எனவே சயனைட்டுத் தண்ணீரை வேறு நிறப் பரலில், தனி மூடியோடு, அமிலங்களிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். அதைப் பிஎச் 10க்கு மேலே வைத்துக் குளோரின் சேர்த்துச் சிதைக்கும் முறை இருக்கிறது. பயிற்சி பெற்றவர்தான் அதைச் செய்ய வேண்டும். சயனைட்டு முற்றாகப் போனது என்று ஆய்வுகூடம் சொல்லும் வரை அந்தத் தண்ணீரை இந்த வழிகாட்டியின் எந்தப் படிக்கும் கொண்டுவராதீர்கள்.

குரோம் முலாமின் மஞ்சள், செம்மஞ்சள் தண்ணீரையும் தனியாக வையுங்கள். அதில் உள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் எதிரேற்றத்தோடு உலாவுவதால், ஈயத்துக்கும் செம்புக்கும் நாம் தயாரிக்கிற சூழலில் தூளில் ஒட்டாது. பிஎச் 2 அளவில் தாவரத் தூளே அதை மூன்று வலுவளவுக்கு மாற்றும் என்பது உண்மை. ஆனால் மெதுவாகத்தான் மாற்றும். பட்டறைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பிஎச் 2 முதல் 3க்குள் சோடியம் மெற்றாபைசல்பைற்று சேர்த்தால் மஞ்சள் நிறம் விரைவாகப் பச்சையாக மாறும். கந்தகவீரொட்சைட்டு நெடி வரும், அதனால் திறந்த இடத்தில் செய்யுங்கள். பச்சையான பிறகு அதை மற்றத் தண்ணீரோடு சேர்க்கலாம்.

மீதமுள்ளவை, அதாவது செம்பு, நிக்கல், நாகக் கழுவுநீர், கட்மியம் கலந்த பற்றாசு பயன்படுத்தும் இடத்தின் ஊறல் தண்ணீர், பற்றரி வேலையின் ஈயத் தண்ணீர் ஆகியவை ஒரே பரலுக்குப் போகலாம். தொட்டியில் இருக்கும் செறிந்த கரைசலை இதில் ஊற்றாதீர்கள். தாவரத் தூள் ஐதான தண்ணீருக்குத்தான் சரிவரும். ஒரு லீற்றரில் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம் வரை.

படி 2: என்ன இருக்கிறது என்று அளந்து பாருங்கள்

கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரில் எல்லையைப் போல ஐம்பது மடங்கு ஈயம் இருக்கலாம். நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. கழுவிச் சுத்தமாக்கிய பிளாஸ்டிக் போத்தலில் அரை லீற்றர் எடுத்து, நைத்திரிக் அமிலம் சில துளி விட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவந்தால் உலோகம் போத்தல் சுவரில் ஒட்டாமல் இருக்கும். சயனைட்டுத் தண்ணீருக்கு இதைச் செய்யக் கூடாது என்று மறுபடியும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடம் உட்படப் பார உலோகம் அளக்கும் இடங்கள் இருக்கின்றன. அணு உறிஞ்சல் முறையில் ஈயம், கட்மியம், செம்பு, நிக்கல், நாகம், குரோமியம் ஆகியவற்றைக் கேளுங்கள். செம்புக்கும் நிக்கலுக்கும் கிடைக்கும் சோதனைத் தாள்கள் அன்றாடக் கண்காணிப்புக்கு உதவும். அதிகார சபைக்குக் காட்ட உதவாது.

ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் சேர்கிறது என்பதையும் ஒரு கிழமை எழுதி வையுங்கள். வாளிக் கணக்குப் போதும்.

படி 3: முதலில் சுண்ணாம்பு, பிறகு முருங்கை

மருந்துச் செடி பற்றிய வழிகாட்டியில் சுண்ணாம்பு எதற்கு என்று கேட்கலாம். பெரிய பங்கை மலிவாக எடுப்பது அதுதான். நீறிய சுண்ணாம்பைக் கரைத்துச் சேர்த்து பிஎச்சை 9 அளவுக்கு உயர்த்தினால் செம்பு, நாகம், மூன்று வலுவளவுக் குரோமியம் ஆகியவை ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடும். நிக்கலும் கட்மியமும் நன்றாகப் படிய 10ஐத் தாண்ட வேண்டும். ஆனால் அந்த அளவில் குரோமியமும் நாகமும் திரும்பக் கரையத் தொடங்கும். எல்லா உலோகத்துக்கும் பொருந்துகிற ஒரே பிஎச் கிடையாது. சுண்ணாம்பால் எட்ட முடியாத அந்த மிச்சத்தை எடுக்கத்தான் செடிகளைக் கூப்பிடுகிறோம்.

படியும் துகள் மிகவும் மெல்லியதாக இருப்பதால் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். இங்கே முருங்கை. நன்றாக முற்றி மரத்திலேயே காய்ந்த விதையை எடுங்கள். மூன்று சிறகு கொண்ட கபில ஓட்டை உடைத்தால் உள்ளே பட்டாணி அளவில் வெள்ளைப் பருப்பு இருக்கும். மஞ்சளாகவோ மென்மையாகவோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 2 கிராம் பருப்பை இடித்து, ஒரு சிட்டிகை உப்பிட்ட 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஐந்து நிமிடம் குலுக்கித் துணியில் வடியுங்கள். பால்போல வரும். லீற்றருக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பதினைந்து நிமிடம் மிக மெதுவாகவும் கிளறுங்கள். மெதுவான கிளறலை யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. ஆனால் துகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவது அந்த நேரத்தில்தான். பிறகு இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறக்குங்கள். முருங்கைக் கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும், மறுநாளே நாறும்.

படி 4: தூள் தயாரித்தல்

வேப்பிலையோ கசாயச் சக்கையோ, முதலில் மண்போகக் கழுவி நிழலில் காயவையுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் நிழலில் மட்டும் காயவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடைசியில் 60 பாகை செல்சியசில் ஒரு இரவு சூடாக்கினால் சரியாகிவிடும். அரைத்து அரிதட்டில் அரியுங்கள். வாளியில் கலக்குவதற்குக் கால் மில்லிமீற்றர் முதல் அரை மில்லிமீற்றர் வரையான தூள் நல்லது. மாவாக அரைத்தால் உலோகத்தை வேகமாகப் பிடிக்கும். ஆனால் வடிகட்டவே முடியாது.

அடுத்ததுதான் பலர் விடுகிற வேலை: தூளைக் கழுவுதல். ஒரு பங்கு தூளுக்கு இருபது பங்கு சுடுநீர் ஊற்றிக் கலக்கி இறுத்துப் பாருங்கள். முதல் தண்ணீர் கடும்பச்சையாக, நுரைத்துக்கொண்டு வரும். அடுத்தது தேநீர் நிறத்தில் வரும். பிறகு வைக்கோல் நிறம். கண்ணாடிக் குவளையில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பார்த்தால் நிறமே தெரியாத வரைக்கும் இதைத் தொடர வேண்டும். கழுவாமல் போட்டால் ஈயம் குறையும். ஆனால் இலையிலிருந்து கரைந்த சேதனப் பொருள் தண்ணீரில் ஏறி, கழிவுநீருக்கு வேறு எல்லைகள் மீறப்படும். உயிரியல் ஒட்சிசன் தேவைக்கு லீற்றருக்கு 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் தேவைக்கு 250 மில்லிகிராம் என்று அதே வர்த்தமானி சொல்கிறது. ஒரு மாசை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவதில் பயனில்லை. கழுவிய தூளை மறுபடி காயவைத்து மூடிய டப்பாவில் வையுங்கள்.

படி 5: குவளைச் சோதனை

இங்கே கடையில் விற்கும் தராசும் ஆறு குவளைகளும் போதும். சுண்ணாம்புப் படியைத் தாண்டிய தண்ணீரை, மிக ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 5க்கும் 5.5க்கும் இடையில் கொண்டுவாருங்கள். 3க்குக் கீழே போனால் ஐதரசன் அயன்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை அண்டவிடாது. 7ஐத் தாண்டினால் உலோகம் படிவாகி விழும். பிடித்தது தூளா சுண்ணாம்பா என்றே தெரியாது. குவளைக்கு ஒரு லீற்றர் ஊற்றி, முறையே 0, 1, 2, 5, 10, 20 கிராம் தூள் போட்டு, ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் கலக்கி, வடிதாளில் வடித்து ஆறையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். தூளே போடாத முதல் குவளையை விட்டுவிடாதீர்கள். அதில் ஈயம் குறைந்திருந்தால் வடிதாளோ குவளையோதான் அதைப் பிடித்திருக்கிறது.

கணக்கு இலகு. உதாரணத்துக்கு, லீற்றருக்கு 5 மில்லிகிராம் ஈயம் இருந்த தண்ணீரில் 2 கிராம் தூள் போட்டதும் 1 மில்லிகிராமாகக் குறைந்தது என்று வையுங்கள். 4 மில்லிகிராமை 2 கிராம் பிடித்திருக்கிறது. கிராமுக்கு 2 மில்லிகிராம். ஆய்வுக் கட்டுரைகளில் கிராமுக்குப் பத்து, நூறு மில்லிகிராம் என்று பெரிய எண்கள் வரும். அவை செறிந்த, தனி உலோகக் கரைசலில் கிடைத்த உச்ச அளவுகள். உங்கள் பரலில் கல்சியமும் உப்பும் மற்ற உலோகங்களும் சேர்ந்து இடத்துக்குப் போட்டியிடும். முலாம் வேலையில் சேர்க்கும் மினுக்கிகளும் ஈடீடிஏ போன்ற பற்றுப் பொருள்களும் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தூளிடம் விடாது. ஆகவே உங்கள் குவளை சொல்லும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

படி 6: ஒரே தடவையில் போடாதீர்கள்

மேலே சொன்ன உதாரணத் தூளையே எடுப்போம். தண்ணீரில் மிஞ்சியது 1 மில்லிகிராம், தூளில் ஏறியது கிராமுக்கு 2 மில்லிகிராம் என்ற அதே விகிதம் தொடரும் என்று வைத்தால், லீற்றருக்கு 10 கிராமை ஒரே தடவையில் போடும்போது ஈயம் 0.24 மில்லிகிராமில் நிற்கும். எல்லை 0.1, தோல்வி. அதே 10 கிராமை ஐந்து ஐந்தாகப் பிரித்து, முதல் 5 கிராமை வடித்தெடுத்த பிறகு அடுத்த 5 கிராமைப் போட்டால் முதலில் 0.45, பிறகு 0.04. வெற்றி. தூள் ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

இன்னும் சிக்கனமாகச் செய்யலாம். இரண்டாவது வாளியில் பயன்பட்ட தூளில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கும். அதை எறியாமல் மறுநாள் முதல் வாளிக்குப் போட்டு, இரண்டாவது வாளிக்கு மட்டும் புதுத் தூள் எடுத்தால், லீற்றருக்கு 5 கிராம் புதுத் தூளிலேயே 0.045 அளவுக்கு வந்துவிடும். நாளுக்கு 100 லீற்றர் சேரும் பட்டறைக்கு அரைக் கிலோ தூள். இடம் இல்லாத கொட்டாஞ்சேனைப் பட்டறைக்கும் இரண்டு பரலும் ஒரு துணி வடியும் வைக்க மூலை கிடைக்கும்.

வடித்த தண்ணீரைக் கடைசியாகப் பிஎச் 7க்கு அருகில் கொண்டுவந்து, அளந்து பார்த்த பிறகே வெளியே விட வேண்டும்.

வாளி வேலைக்கு ஆள் இல்லாதவர்கள் குழாய்த் தூண் கட்டலாம். 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் ஒரு மீற்றர் துண்டு, இரு முனையிலும் நைலோன் வலை. உள்ளே 80 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் குருணை. தூள் போட்டால் அடைத்துவிடும். கழுவிய தும்புச்சோறு கலந்தால் தண்ணீர் தாராளமாக ஓடும். கீழிருந்து மேலாக, மணிக்கு 14 லீற்றருக்கு மேற்படாமல் விட்டால் தண்ணீர் அரை மணி நேரம் குருணையோடு தங்கும். இரண்டு தூண்களைத் தொடராக வையுங்கள். முதல் தூணின் வாயில் உலோகம் தெரியத் தொடங்கியதும் அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முன்னே நகர்த்திப் புதியதைப் பின்னே வையுங்கள்.

படி 7: இடம் இருந்தால் வெட்டிவேர்ப் படுகை

தொழிற்பேட்டைகளுக்கும் பெரிய காணி உள்ள தொழிற்சாலைகளுக்கும் மட்டும் இதைச் சொல்கிறேன். வெட்டிவேரின் வேர் மீற்றர் கணக்கில் கீழே இறங்கும். அமிலத்தையும் உப்பையும் மற்றப் புற்களைவிட நன்றாகத் தாங்கும். முக்கியமாக, பிடித்த உலோகத்தின் பெரும்பங்கை வேரிலேயே வைத்துக்கொள்ளும். இலைக்கு அதிகம் ஏற்றாது. மாடு மேய்ந்துவிடும் அபாயம் உள்ள இடத்தில் இது பெரிய பாதுகாப்பு.

நாளுக்கு 1,000 லீற்றர், ஐந்து நாள் தங்கல் என்று வைத்தால் 5 கனமீற்றர் தண்ணீர் படுகைக்குள் நிற்க வேண்டும். கருங்கல் சல்லியின் இடைவெளி சுமார் 40 வீதம் என்பதால் 12.5 கனமீற்றர் சல்லி. 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் அது ஏறத்தாழ 21 சதுர மீற்றர். அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பு கட்டாயம். இல்லாவிட்டால் சுத்திகரிப்பது போல் காட்டி நிலத்தடிக்கு அனுப்புகிறோம். தண்ணீர் மட்டம் சல்லிக்குக் கீழே இருந்தால் நுளம்பு பெருகாது. கொழும்புக்கு டெங்கு போதும்.

மழையைக் கணக்கில் எடுங்கள். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டினால் அந்த 21 சதுர மீற்றரில் 2,100 லீற்றர் விழும். இரண்டு நாள் கழிவுநீருக்குச் சமம். சுற்றி வரம்பு கட்டி வெளிநீரைத் தடுத்து, மேலே இன்னும் ஒரு சாண் கொள்ளளவு விட்டு, வழிந்தால் சேமிப்புத் தொட்டிக்குப் போகும்படி குழாய் வையுங்கள்.

வசம்பையும் ஓரத்தில் நடலாம். ஆற்றுவாழை வேண்டாம். உலோகத்தை அள்ளிக் குடிக்கும் செடிதான், ஆனால் ஒரு துண்டு கானுக்குத் தப்பினால் வாய்க்காலையே மூடும். இந்த நாட்டில் 1909லேயே அதற்கெதிராகத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்காணி மூன்றும் நன்றாகவே உறிஞ்சும்; ஆனாலும் நான் நடமாட்டேன். பச்சையாகத் தெரிகிற வல்லாரையை யாராவது ஒருவர் பறித்துச் சம்பலுக்குக் கொண்டுபோவார். அறிவிப்புப் பலகை அதைத் தடுக்காது.

படி 8: நிறைந்த தூளும் வேரும்

நமது உதாரணத்தில் 100 லீற்றரிலிருந்து 500 மில்லிகிராம் ஈயம் 500 கிராம் தூளுக்கு மாறியிருக்கிறது. ஒரு கிலோ தூளில் ஒரு கிராம் ஈயம். பார்ப்பதற்கு உலர்ந்த வேப்பிலைத் தூள். மணம்கூட அப்படியே இருக்கும். அதனால்தான் ஆபத்து.

வடித்ததும் தூளைத் தட்டில் பரப்பிக் காயவையுங்கள். கையுறையும் முகமூடியும் போடுங்கள், தூசியை மூச்சில் எடுக்காதீர்கள். மருந்து எனத் தோன்றாதபடி உடனே நிறச்சாயம் ஒன்றைக் கலந்துவிடுவது நல்லது. நீலப் பவுடர் போதும். இரட்டைப் பையில் கட்டி, என்ன உலோகம், எத்தனை கிலோ, எந்தத் திகதி என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். சுண்ணாம்புப் படிவுக்கும் அதே நடைமுறை. சேர்ந்ததும் ஆபத்தான கழிவைக் கையாள உரிமம் பெற்றவரிடம் கையளித்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். செம்பும் நிக்கலும் அதிகம் ஏறிய படிவை மீட்டெடுப்பவர்கள் விலைக்கே வாங்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

அமிலத்தில் கழுவித் தூளை மறுபடி பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. அதில் உலோகம் செறிந்த அமிலத் தண்ணீர் கையில் மிஞ்சும். அதை மீட்டெடுக்க வசதியுள்ள பெரிய தொழிற்சாலைக்கே அது சரி. சிறு பட்டறை அந்த வழிக்குப் போக வேண்டாம்.

எரிக்கக் கூடாது. கட்மியமும் ஈயமும் புகையோடு போகும், குரோமியம் சாம்பலில் மீண்டும் ஆறு வலுவளவாக மாறக்கூடும். மாநகர சபைக் குப்பையிலும் போடக் கூடாது, பசளைக் குழியிலும் போடக் கூடாது. வெட்டிவேரைப் பிடுங்கும் காலம் வரும்போது வேரை அங்கேயே துண்டு துண்டாக வெட்டிப் பையில் கட்டுங்கள். முழு வேராக வாசலைத் தாண்ட விட்டால் அது கடைச் சாக்குக்குள் போகாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிடுங்கிய வேரின் எடையையும் கையளித்த எடையையும் ஒரே கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், அந்த வித்தியாசம் எங்கே போனது என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த செடியை நடுங்கள்.